மறுநாள் விழும் சொல்

சாந்தலூ என்கிற தீவு நாட்டில் கோபத்தில் சொன்ன சொல் சொன்ன அன்றைக்குக் காதில் விழாது. வாய் திறக்கும், நாக்கு புரளும், கழுத்து நரம்பு புடைக்கும், எச்சில்கூடத் தெறிக்கும், சத்தம் மட்டும் வராது. அந்தச் சத்தம் மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில், கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மரத்திலிருந்து நெற்றுத் தேங்காய் விழுகிற மாதிரி தானாக வந்து விழும். ஏன் அப்படி என்று அந்த நாட்டுக்காரர்கள் யோசித்தது கிடையாது. மற்ற நாடுகளில் சொன்ன கையோடு கேட்டுவிடுகிறதாமே, அதை எப்படித் தாங்கிக்கொண்டு குடும்பம் நடத்துகிறார்கள் என்றுதான் அவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

அதற்கென்று அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கே ஒருவன் கோபப்பட்டானோ அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு அதன் முதுகில் மஞ்சள் துணி ஒன்றைக் கட்டிவிடுவார்கள். மறுநாள் கோபப்பட்டவன் வந்து அதில் உட்கார்ந்து தன் சொல்லைத் தானே வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவன் வராமல் போனால் யாரைச் சொன்னானோ அவர் உட்காரலாம். அவரும் வராவிட்டால் தெருவில் போகிற யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஆளில்லாத இடத்தில் ஒரு சொல் விழுவதை அந்த நாட்டில் பெரிய பாவமாக நினைத்தார்கள். அதனால் மீன் கடைத்தெருவில் மீனைவிட நாற்காலி அதிகம் இருந்தது, கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கிறவர்கள் முந்தின நாள் அங்கே யார் கல்யாணம், சமையல் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் தேதி குறித்தார்கள், சட்டசபைக்கு இரண்டு மண்டபம் கட்டி ஒன்றில் கூட்டம் நடக்கும்போது மற்றதில் நேற்றைய ஏச்சு விழுந்துகொண்டிருக்க, அதைக் கேட்பதற்கு ஓய்வுபெற்ற தபால்காரர்களை உட்கார வைத்திருந்தார்கள்.

இந்த நாட்டைத்தான் நாலு நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் வியாபாரிகள் சங்கத்தார் ஒரு மாசி மாதத்தில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்து இறங்கினார்கள். பேரைச் சொல்ல வராமல் சாந்தலூர் என்று ஆக்கிக்கொண்டார்கள், ஏதோ பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி. அவர்களில் ஒருவர் வெள்ளியங்கிரி.

வெள்ளியங்கிரியின் மூலதனம் அவருடைய தொண்டை. மீசை அரும்பாத வயதில் தேங்காய்க் களத்தில் கம்பி நட்டு மட்டை உரிக்கப் போனவர் அவர். மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தோட்டக்காரரும் வியாபாரியும் பேசுகிற பேச்சில் காதை வைத்துக்கொண்டே உரித்ததில் உள்ளங்கையில் கம்பி ஏறிய தழும்பு இன்னும் இருக்கிறது. தொழிலை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஏமாந்து கற்றுக்கொண்டார், அறை வாங்கிக் கற்றுக்கொண்டார், கூட்டாளி கழுத்தறுத்ததில் கற்றுக்கொண்டார், கடைசியில் கற்றது ஒன்றே ஒன்றுதான்: எதிராளி வாயைத் திறக்குமுன் நாம் கத்திவிட வேண்டும். தோப்புக்குள் காலை வைக்கும்போதே, "என்னுங்க காயி இது, கொரங்கு கடிச்சுத் துப்புனதாட்ட இருக்குது!" என்று அவர் போடுகிற சத்தத்தில் பாளைகளே வெட்கப்பட்டுச் சுருங்கிவிடும் என்பார்கள். அந்தச் சத்தம் லாரி வாங்கியது, காய் அடுக்கக் கிட்டங்கி கட்டியது, மாடி வீடு கட்டியது. மாலையில் அதே சத்தம் வீட்டுக்கும் வந்தது. தோசை ஆறிப்போனாலும் அதே குரல், மேல்தொட்டி வழிந்தாலும் அதே குரல். மனைவி பூவாத்தாள் எந்த இடத்தில் எதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளோ அந்த இடத்திலேயே அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "சரிங்க" என்று சொல்லிவிட்டு விட்ட வேலையைத் தொடர்வாள். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் போன் பண்ணினால், அப்பா எடுத்த உடனே, "அம்மாட்ட குடுங்க" என்பான்.

வந்த அன்றைக்கே சந்தையில் ஆரம்பித்தது. ஒரு கடைக்காரி வெயில் தொப்பி விற்றுக்கொண்டிருந்தாள். பனையோலை மாதிரி ஏதோ ஓலையில் முடைந்த தொப்பி. வெள்ளியங்கிரி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, வழக்கமான நடிப்புக் கோபத்தோடு, "இதென்னம்மா, கோழி அடைக்கற கூடையா?" என்று கத்தினார். நன்றாகவே கேட்டது. கடைக்காரி சிரித்துவிட்டுத் தொப்பியை வாங்கி மறுபடி அடுக்கில் வைத்தாள். விலை குறைக்கவில்லை, கூட்டவில்லை, கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. இப்படி ஒரு எதிராளியை வெள்ளியங்கிரி வாழ்நாளில் கண்டதில்லை. அவருக்கு நிசமாகவே கோபம் வந்தது. வந்ததும், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவில் சத்தம் அறுந்துபோய் வாய் மட்டும் ஆடியது.

"ஏம்ப்பா வெள்ளியங்கிரி, ரேடியோல பேட்டரிக் கட்டை தீந்துபோச்சா?" என்றார் சங்கச் செயலாளர் குழந்தைசாமி.

பூவாத்தாள் வாதம் அடித்துவிட்டது என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரி மேசைக்கு அடியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, தூசியைத் தட்டி, வாசலில் கோலத்துக்கு இடம் பார்க்கிற மாதிரி பார்த்து, அவர் நின்ற இடத்தில் போட்டு மஞ்சள் துணியைக் கட்டினாள்.

சங்கத்தார் அதைத் தொண்டைக் கோளாறு என்றே முடிவு செய்தார்கள். விமானத்து ஏசிக் காற்று ஆகவில்லை என்றார் ஒருவர். ஒரு பையிலிருந்து சித்தரத்தை வந்தது, இன்னொன்றிலிருந்து அதிமதுரம், கழுத்தில் தடவத் தைலம். அவர் மென்றார், விழுங்கினார், தைலத்தோடு நாறினார். மனசு ஆறியதும் குரல் வந்துவிட்டது, மருந்துதான் கேட்டது என்று கொண்டுவந்தவர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டில் ரசம் இல்லை என்றபோது குரல் மறுபடி போயிற்று. அப்புறம்தான் வழிகாட்டிப் பெண் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அவள் பெயர் சோலாஞ்ஜ் முத்தையன். அவளுடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த காலத்தில் போனவர்கள். அவள் பேசியது கப்பலிலிருந்து இறங்காமல் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்.

"ஐயா கோபித்தீர்கள். கோபம் நாளைக்கு வரும். நாளைக்கு இதே வேளை வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். அது எங்கள் மரியாதை."

"நா கோவிச்சது அந்தத் தொப்பிக்காரி மேல. நா எதுக்கும்மா வந்து உக்காரோணும்?"

"சொல் உங்களுடையது அல்லவோ?"

"நாளைக்கு எரிமலை பாக்கப் போறதா போட்டிருக்குது."

"அப்போது வேறே யாராவது உட்காருவார்கள். விருந்தாளிகள் விட்டுப்போகிற சொல்லுக்கு உட்காருகிற மனிதர் எங்களிடத்தில் உண்டு. பாஷை அறியமாட்டார். ஆனால் தலை அசைப்பார்."

வெள்ளியங்கிரிக்கு இது வசதியாகப் பட்டது. திட்டுவதை நாம் திட்டிவிட்டுப் போகலாம், வாங்கிக்கொள்ள ஒருவனை அரசாங்கமே வைத்திருக்கிறது என்றால் யாருக்குக் கசக்கும்?

மற்றவர்களும் அதற்குள் பழகிவிட்டார்கள். முதலில் கண்டுபிடித்தது பெண்கள்தான். எரிமலைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு அம்மிணி புருஷனைப் பார்த்து வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, அவர் பாட்டுக்குக் கடலை மென்றுகொண்டிருந்தார், அவள் தைரியம் வந்து மாமியாரில் ஆரம்பித்து நகை அடகு வரைக்கும் கொட்டித் தீர்த்துவிட்டு, முகம் கழுவின மாதிரித் தெளிந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். மலைப்பாதை முழுக்க பஸ்ஸுக்குள் வாய்கள் சத்தமில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தன. மறுநாள் அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் கொங்குத் தமிழில் ஏச்சு விழ, பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் வீட்டிலிருந்த நாற்காலி போதாமல் பள்ளிக்கூடத்து பெஞ்சையெல்லாம் தூக்கிவந்து வளைவுக்கு வளைவு உட்கார்ந்து, சுருட்டுப் பிடித்தபடி, புரியாத அந்தச் சங்கதிகளுக்கு மரியாதையாகத் தலையாட்டினார்களாம்.

வெள்ளியங்கிரி யாரையும்விட அதிகம் பேசினார். ஊரில் கத்தும்போது பக்கத்து வீடு இருக்கிறது, கணக்கப்பிள்ளை இருக்கிறான், கொஞ்சம் பார்த்துத்தான் பேச வேண்டும். இங்கே எந்தத் தடையும் இல்லை, வாயில் வந்ததெல்லாம் வெளியே போயிற்று. பூவாத்தாள் முதல் நாள் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அவர் வாய் அசைந்துகொண்டிருக்கும்போது அவருடைய தோளுக்கு அந்தப் பக்கம் ஏதோ சிவப்புக் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரிந்தது. அதற்கும் கோபப்பட்டார்.

மூன்றாம் நாள் தீவின் தென்முனைக்குப் போனார்கள். அங்கே ஒரு கலங்கரை விளக்கம், அதற்குக் கீழே பாறை, பாறைக்குக் கீழே கடல். இதற்கு அப்பால் தென்துருவப் பனிக்கட்டி வரைக்கும் வேறு மண் கிடையாது என்றாள் சோலாஞ்ஜ். எல்லாரும் முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள், காற்று ஆளைத் தள்ளுகிறதென்று பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். பூவாத்தாள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆழியாறு அணையைவிடப் பெரிய தண்ணீரை அவள் இந்த ஊருக்கு வருமுன் நேரில் கண்டதில்லை. சேலைத் தலைப்பைக் காற்றுக்கு மூக்கையும் வாயையும் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தாள். கண் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஏ புள்ள, வெரசா வா!"

"இதா வர்றனுங்க," என்றாள். வரவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தான். குழந்தைசாமி ஜன்னலில் தலையை நீட்டி, "மாப்ள, அம்மிணி கடலுக்கு வெல பேசிட்டிருக்குதா?" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. வெள்ளியங்கிரி இரண்டாம் முறை கூப்பிட்டார். அவள் கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் விறுவிறுவென்று போய் அவளுக்கு முன்னால் கடலை மறைத்துக்கொண்டு நின்று வாயைத் திறந்தார். சத்தம் போயிற்று. அது போனதுதான் தாமதம், அத்தனை வருசமும் உள்ளே கிடந்தது, கிடந்ததென்று அவருக்கே தெரியாதது, மூட்டை அவிழ்ந்து சரிகிற மாதிரி சரிந்து வந்தது. அவள் தலைப்புக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தெயோ என்ற கிழவன் காலை இழுத்து இழுத்துப் படியிறங்கி வந்து நாற்காலியைப் போட்டு, காற்றில் பறக்காமல் துணியை இறுக்கிக் கட்டினான்.

பஸ் பாதி தூரம் வந்த பிறகு கோபம் வடிந்தது. கடைசியாகச் சொன்னது என்ன என்று வெள்ளியங்கிரிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நீ இருக்கறதும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான். எனக்கு ஒரு வித்தியாசமுந் தெரியாது."

எத்தனையோ சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதில்லை. பக்கத்தில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவளுக்குக் கேட்கவில்லை. நாளைக்கு அந்நேரம் விமானம் ஏறியிருப்போம், அங்கே எவனோ ஒரு பாஷை தெரியாத புண்ணியவான் உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போவான். இப்படி நினைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஓட்டலில் ராச்சாப்பாட்டின்போது பூவாத்தாள் ரொட்டியைப் பிய்த்தபடியே சொன்னாள்.

"நாளைக்கு நா அங்க போகோணுமுங்க."

"எங்க?"

"அந்த வெளக்குக் கம்பத்துக்கு. சேர் போட்டாங்கல்ல."

"அது ஒண்ணுமில்ல புள்ள. வெரசா பஸ்ஸுக்கு வான்னு சொன்னேன்."

"அதச் சொல்றதுக்கு அத்தன நேரமா வாயி ஆடும்?"

வெள்ளியங்கிரி தண்ணீர் குடித்தார். "சாயங்காலம் ப்ளேனு."

"நீங்க எல்லாரோடயும் போங்க. நா இருந்துட்டு அடுத்த ப்ளேன்ல வர்றேன். வியாழக்கெழமை ஒண்ணு இருக்குதாமா, அந்தப் புள்ளைட்ட கேட்டுட்டேன்."

"பாச தெரியாத ஊர்ல ஒத்தையில இருப்பியா நீயி?"

"ஊர்ல மட்டும் என்னுங்க, ஊடு நெறைய ஆளா இருக்குது?"

அவர் பேரத்தை ஆரம்பித்தார். அடுத்த மாசம் ஓசூரில் போய் மகனோடு இஷ்டப்பட்ட வரைக்கும் இருந்துவிட்டு வரலாம் என்றார். பழனிக்குப் போகலாம் என்றார். அவள் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு இந்தத் தடவை தானே வருவதாகச் சொன்னார், அந்த வீட்டு வாசலை மிதித்து ஏழெட்டு வருசம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவள், "சரிங்க, ஆனா நாளைக்கு நா போகோணும்," என்றாள். எதிராளிக்கு என்ன வேண்டும் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற வெள்ளியங்கிரிக்கு, இத்தனை வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள் என்ன கேட்கிறாள் என்று பிடிபடவில்லை. தான் சொன்னதை ஊகித்துவிட்டாள், காதால் கேட்டு உறுதி பண்ணிக்கொள்ளப் பார்க்கிறாள் என்று மட்டும் பட்டது. கேட்டுவிட்டால் அவள் அழமாட்டாள், சண்டை போடமாட்டாள். "சரிங்க" என்பாள். அந்தச் "சரிங்க"வை நினைத்ததும் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

சோலாஞ்ஜைத் தேடிக்கொண்டு வரவேற்பறைக்குப் போனார்.

"ஏம்மா, அந்தச் சொல்லத் திருப்பி எடுத்துக்கறதுக்கு என்ன வழி?"

"வழி இல்லை ஐயா."

"உங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு ஏற்பாடு இருக்குதல்ல? பெரிய ஆளு எவனாச்சும் இருப்பான், சொல்லு, நா பேசிக்கறேன்."

"கனிந்தது விழும். யாரிடத்தில் பேசுவீர்கள்?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாற்காலி ஒன்றுதான். முந்தி உட்காருகிறவருக்கே சொல். மற்றவர்கள் கேட்கிற தூரத்தில் நிற்கமாட்டார்கள். அம்மா கேட்கக் கூடாது என்றால், ஐயா முந்திப் போய் உட்காருங்கள்."

மறுநாள் காலையில் பூவாத்தாள் குளிக்கப் போன நேரத்தில் வெள்ளியங்கிரி கிளம்பிவிட்டார். வாசலில் பல் குத்திக்கொண்டு நின்ற குழந்தைசாமியிடம், "இங்க ஒரு கொப்பரை ஏவாரி வரச் சொல்லியிருக்கறான். நா பேசிட்டு நேரா ஏர்ப்போர்ட்டுக்கு வந்தர்றேன். ஒருவேளை வர முடியலீன்னா அவள எப்படியாச்சும் ப்ளேன்ல ஏத்திரு. எங்கயும் தனியா உட்றாத," என்றார்.

"சம்சாரத்த உட்டுப்போட்டு ஏவாரமா? உம்பட ஒடம்புல ரத்தமா ஓடுது, தேங்கா எண்ணெதான் ஓடுது!"

தகர டப்பா மாதிரி ஒரு பஸ். அதில் அவர் ஒருவர்தான் வெளியாள். சுற்றிப் பார்த்த இடமெல்லாம் பின்னோக்கிப் போயிற்று. சந்தை வந்தது, தொப்பிக்காரி தூரத்தில் தெரிந்தாள். எரிமலைச் சாலை பிரிகிற இடத்தில் ஒரு கிழவி ஏறி, இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, அவரைச் சுட்டி, ஒரு நாற்காலியில் உட்கார்வது போலச் செய்து காட்டினாள். அவர் எரிமலையில் விட்டுவந்த சொல்லுக்கு உட்கார்ந்தவள் அவள்தான் என்று புரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. எரிமலைக்குப் போன அன்று பார்த்திருந்தாளோ, ஆள் ஜாடையை யாராவது சொன்னார்களோ. கூடையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பாதியாகப் பிய்த்து அவர் கையில் வைத்தாள். பிறகு கேட்டதை ஞாபகப்படுத்தி, தாலாட்டுப் பாடுகிற மாதிரி மெதுவாக, இழுத்து இழுத்துச் சொன்னாள்:

"தண்டம்... தண்டச்சோறு... மூதேவி..."

சரியாகச் சொன்னேனா என்பது போல அவர் முகத்தைப் பார்த்தாள். வெள்ளியங்கிரி தலையாட்டினார். அவள் சந்தோஷப்பட்டு இறங்குகிற வரைக்கும் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவர் ரொட்டியைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். தெயோ அவரைப் பார்த்து நாற்காலியைக் காட்டினான், ஒரு டம்ளரில் பால் இல்லாத தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், படியேறிப் போய்விட்டான். வேறு ஒரு ஆள் இல்லை. வெள்ளியங்கிரி உட்கார்ந்தார். பூவாத்தாள் எங்கே முந்திவிடுவாளோ என்று சாலையைப் பார்த்தார். சாலையில் எதுவும் வரவில்லை. பேச ஆள் இல்லை, விலை கேட்க ஒரு பொருள் இல்லை, அவருடைய போனுக்கு அங்கே சிக்னல் இல்லை. வேறு போக்கில்லாமல் கடலைப் பார்த்தார். ஒரு அலை வந்தது, உடைந்தது; இன்னொன்று வந்தது. எதிர் வரிசையில் யாருமே உட்கார்ந்திராத ஒரு சபைக்கு முன்னால் தன்னை உட்கார வைத்திருப்பது போல இருந்தது அவருக்கு. வெயில் சாய்ந்தது.

நேரம் வந்ததும் தலைக்கு மேலிருந்து விழுந்தது.

அந்தக் குரலை அவர் முன்பின் கேட்டதில்லை. வாழ்நாள் முழுக்க உள்ளேயிருந்து கேட்டவருக்கு அது வெளியே எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. எவனோ ஒரு அயோக்கியன், குடித்துவிட்டு வந்தவன், யார் வீட்டிலோ புகுந்து ஒரு பொம்பளையை வைத்துக்கொண்டு கத்துகிறான், எழுந்துபோய் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து ரெண்டு போடலாம் போலிருந்தது. நாற்காலியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் விழுந்தது, கடைசி வாக்கியம்வரை. விழுந்து முடிந்ததும் காற்றுச் சத்தம் மறுபடி கேட்டது. தீர்ந்தது. அவள் கேட்கவில்லை. அவர் ஜெயித்துவிட்டார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

மேலே படிக்கட்டு ஜன்னலிலிருந்து தெயோ கையை ஆட்டினான். உட்கார், உட்கார் என்றான் சைகையில். பிறகு தன் கையால் மூக்கையும் வாயையும் மூடிக் காட்டி, மூடிய கைக்கு உள்ளே வாயை அசைத்துக் காட்டினான்.

வெள்ளியங்கிரி உட்காருமுன் அது விழுந்துவிட்டது. ஒரு பெண் குரல். யாரென்று தெரியவில்லை, இப்படி ஒரு குரல் அவர் வீட்டில் இருந்ததில்லை.

"ஏய் வெள்ளியங்கிரி! ஒரு நிமிசம் வாய மூடு! நா கடலப் பாத்துட்டிருக்கறேன்!"

அவ்வளவுதான். அவர் பெயர் முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல், பூவாத்தாள் வாயிலிருந்து. கல்யாணமான நாளிலிருந்து ரேஷன் கடையில்கூட அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்லுவாள், இல்லாவிட்டால் அதே பெயருள்ள வெள்ளியங்கிரி மலைக்கோயில் பக்கம் கையைக் காட்டுவாள். அவர் சொன்னதைக் கேட்க அவள் இங்கே வர நினைக்கவில்லை. அவர் சொல்லக்கூடியதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். தன் சொல்லைத் தானே வாங்கிக்கொண்டு போக வந்திருப்பாள், அவர் காதில் விழாமல்.

தெயோவின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் இறங்கி வந்து அதை அவர் காதில் வைத்தான். சோலாஞ்ஜ்.

"ஐயா, விமானம் போயிற்று. அம்மாவும் போனார்கள்."

"அவளாப் போனாளா? கொழந்தசாமி ஏத்திட்டானா?"

"அம்மா தானாகவே போனார்கள். ஐயா நாற்காலிக்குப் போயிருக்கிறீர்கள் என்று நான்தான் சொன்னேன். அப்படியானால் தான் சொன்னதையும் ஐயா கேட்டுவிடுவாரா என்று அம்மா கேட்டார்கள். கேட்பார் என்றேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"கேக்கட்டும் என்றார்கள். பிறகு ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்."

விமானம் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வந்தது. முனையின் மேல் ஒரு பெரிய வளைவாகத் திரும்பி, ஒரு இறக்கையைக் கடலுக்குச் சாய்த்துக்கொண்டு போயிற்று. வெள்ளியங்கிரி கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரு புள்ள," என்றார். "நல்லாப் பாரு."

உடனே கேட்டது. சொன்ன கையோடு கேட்டு, காற்றில் கலந்து, இல்லாமல் போயிற்று. நாளைக்கு அது இங்கே இருக்காது. நாளைக்கு இங்கே எதுவும் விழாது. வியாழக்கிழமைவரைக்கும் பாஷை தெரியாத ஊரில் அவருக்கென்று கிடக்கிற ஒரே சாமான் இந்த நாற்காலிதான். இதில் வந்து உட்கார நாளைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. திட்டாகவே இருந்தாலும் நம் ஊர்ப் பேச்சு ஒன்று நாளைக்கு இங்கே கேட்குமே என்று நினைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு குழந்தைசாமியைத் திட்டினார். தெளிவாகக் கேட்டது. கழுத்தறுத்த பழைய கூட்டாளியைப் பெயர் சொல்லித் திட்டினார், அதுவும் கேட்டது. கடலை, காற்றை, இந்த நாட்டைக் கண்டுபிடித்தவனை, கடைசியில் வெள்ளியங்கிரியை, தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சேர்த்துத் திட்டிப் பார்த்தார். ஒன்றாவது சத்தமில்லாமல் போகாதா என்று பார்த்தார். எல்லாம் கணீர் கணீரென்று கேட்டன.

தெயோ கொஞ்ச நேரம் மரியாதையாக நின்று கேட்டான். பிறகு மஞ்சள் துணியை அவிழ்த்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, விளக்கு ஏற்றப் படியேறிப் போனான்.

வெள்ளியங்கிரி கம்பியருகே போய் நின்றார். வாயை மூடிக்கொண்டார். எதிரே கடல் இருந்தது.